காகிதச் சேனையின் சாஸ்திரம்

ஸ்விட்ஸர்லாந்தின் கிழக்குப் பகுதியில், கடல் மட்டத்துக்குச் சுமார் 1,560 மீட்டர் உயரத்தில், பனிமலைகளுக்கு நடுவே கிடக்கும் டாவோஸ் என்னும் ஊரை, உலகத்துத் தனவந்தர்களும் மந்திரிகளும் ஆண்டுதோறும் கூடிப் பேசும் இடமாகவே இன்றைய பத்திரிகை வாசகர் அறிவார். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது க்ஷயரோகிகள் உலர்ந்த மலைக்காற்றை நாடி வந்து தங்கிய ஊர். அப்படி வந்தவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்து எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன். 1880-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு முறையும், அடுத்த ஆண்டு இலையுதிர்காலத்தில் மறு முறையும் அவர் அங்கே குளிர்காலத்தைக் கழிக்க வந்தார் என்பதும், 'புதையல் தீவு' நாவலை அங்கேதான் எழுதி முடித்தார் என்பதும் இலக்கிய சரித்திரத்தில் இடம் பெற்றுவிட்ட செய்திகள். அதே நாட்களில் அவர் வீட்டுப் பரணில் நடத்திய மகா யுத்தங்களுக்கு அந்தச் சரித்திரம் அவ்வளவாக இடம் கொடுப்பதில்லை.

எதிர்த்தரப்புச் சேனாதிபதி லாயிட் ஆஸ்போர்ன், ஸ்டீவன்ஸன் மனைவியின் முதல் விவாகத்தில் பிறந்த பிள்ளை. அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவன். 1898-ஆம் ஆண்டில் 'ஸ்க்ரிப்னர்ஸ்' மாதப் பத்திரிகையில் அவர் எழுதிய முன்னுரைதான் இந்த விஷயத்தில் நமக்குக் கிடைக்கும் சாட்சியம். ஆட்டங்காணும் ஏணியில் ஏறிப் போக வேண்டிய, பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கவும் முடியாத, பனி படிந்த ஒற்றை ஜன்னலைத் தவிர வெளிச்சத்துக்கு வழியில்லாத அந்தப் பரணின் தரையில், பல வர்ணச் சாக்கட்டிகளால் மலை, நதி, பட்டணம், பாலம், இரண்டு தரத்துச் சாலைகள் என்று ஒரு தேசப்படமே வரையப்பட்டிருந்தது. அதன்மேல் மெழுகுவத்தி வெளிச்சத்தில், குளிரில் விரல் விறைக்க, ஈயச் சிப்பாய்களின் பட்டாளங்கள் அணிவகுத்து நகர்ந்தன. சில மணி நேர விளையாட்டாகத் தொடங்கியது, நாளடைவில் ஒரு யுத்தம் முடிய வாரக்கணக்கில் ஆகும் அளவுக்கு நுட்பம் பெற்றது. வானிலை கெட்டால் சாலையும் கெடும்; கனத்த பீரங்கி காலாட்படையைவிட மெதுவாகவே நகரும்; உணவும் தளவாடமும் பின்னாலிருந்து வந்து சேராத படை தவிக்க வேண்டியதுதான். போர்க்களத்து நிருபராகப் பாவனை செய்து ஸ்டீவன்ஸன் கற்பனைப் பத்திரிகைகளுக்குச் செய்திகளும் எழுதிக் குவித்தார். நோயில் நலிந்துகொண்டிருந்த ஒரு மனிதர், முப்பத்தொரு வயதில், ஒரு சிறுவனுக்குச் சமமாகத் தரையில் தவழ்ந்து இதையெல்லாம் செய்தார் என்பதை நினைக்கும்போது, அவருடைய நாவல்களின் சுறுசுறுப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றுவதில்லை.

அதே வீட்டில் காகிதத்தாலான பாத்திரங்களும் இருந்தன. ஸ்டீவன்ஸன் தம் பாலியத்தில் எடின்பரோவில் பொம்மை நாடகத் தாள்களுக்கு அடிமையாக இருந்தவர். ஒரு பென்னி கொடுத்தால் கறுப்புக் கோட்டில் அச்சிட்ட வெறுந்தாள், இரண்டு பென்னி கொடுத்தால் வர்ணம் தீட்டிய தாள் என்று விற்ற அந்த வீரர்களையும் கொள்ளைக்காரர்களையும் பற்றி 1884-ஆம் ஆண்டில் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். லாயிடின் பொம்மை மேடைக்கு அவர் திரை தீட்டிக் கொடுத்ததும், வெட்டி ஒட்டிய காகித நடிகர்களைத் தகரத் தாங்கிகளில் நிறுத்தி மேடைக்குள் தள்ளி இழுத்ததும் அந்தச் சிறுவனின் பிற்கால நினைவுக் குறிப்பில் பதிவாகியுள்ளன. ஆக, ஒரே வீட்டில், ஒரே இரு விளையாட்டுத் தோழர்கள், நாடகத்துக்குக் காகிதத்தையும் யுத்தத்துக்கு ஈயத்தையும் கையாண்டார்கள். ஏன் இந்தப் பாகுபாடு?

அவர்களுடைய யுத்தத்தில் சிப்பாய் மடிவது மெய்யாகவே சுடப்பட்டு மடிவது என்பதே அதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன். பொம்மைத் துப்பாக்கியால் சுட வேண்டும். குண்டு பட்டுச் சிப்பாய் விழுந்தால் செத்தான், விழாவிட்டால் பிழைத்தான். ஹெச். ஜி. வெல்ஸ் 1913-இல் வெளியிட்ட 'லிட்டில் வார்ஸ்' என்னும் விதிநூலிலும் வில்சுருள் பீரங்கியே சாவைத் தீர்மானித்தது. இத்தகைய ஆட்டத்தில் சிப்பாய்க்குக் கனம் வேண்டும். கனமில்லாத காகித வீரர்களின் வரிசையில் ஒரு குண்டு விழுந்தால் பக்கத்தில் நின்றவர்களும் சேர்ந்து சாய்வார்கள், குறி பார்த்தவனின் திறமைக்கு மரியாதை இராது. பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இல் தம் நாட்டுச் சேனைக்கு வகுத்துக் கொடுத்த யுத்தப் பயிற்சி ஆட்டத்திலோ சேதத்தைத் தீர்மானித்தது பகடை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேஜை யுத்த விளையாட்டு பெரும்பாலும் பகடையின் பக்கம் சாய்ந்தது. 1971-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் வெளியிட்ட 'செயின்மெயில்' விதிநூலின் அனுபந்தத்தில் டிராகன்களும் மந்திரவாதிகளும் பூதங்களும் போர்க்களத்துக்குள் நுழைந்தபோதும் அவர்களுக்கு விதி எழுதியது பகடைதான். பகடை வந்த பிறகு சிப்பாய்க்கு இரண்டே கடமைகள் மிஞ்சின: நிற்பது, இன்னார் என்று தெரிவது. இந்த இரண்டையும் காகிதம் செய்ய முடியும். எப்படிச் செய்கிறது என்பது பௌதிகத்தையும் கண்ணின் இயல்பையும் பற்றிய விஷயம்.

முதலில் நிற்பது. ஒரு தாளை வளைக்க வேண்டிய பலம் அதன் தடிமனின் முப்படிக்கு ஏற்ப மாறும் என்பது பொறியியலில் பால பாடம். தடிமன் இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். இரண்டு தாள்களை வெறுமனே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் இந்த லாபம் கிடைக்காது. ஒவ்வொன்றும் தனித்தனியே வழுக்கி வளைந்துகொள்ளும், விறைப்பு இரண்டு மடங்கோடு நின்றுவிடும். பசை தடவி ஒட்டி, அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்காதபடி செய்துவிட்டால்தான் இரண்டும் ஓருடலாகி எட்டு மடங்கு கிடைக்கும். மேஜை யுத்தத்தில் ஈயத்துக்குப் பதிலாக நிறுத்தக் காகிதச் சேனை வரைபவர்கள் ஒவ்வொரு வீரனின் முன்புறத்தையும் பின்புறத்தையும் தலைக்குத் தலை முட்டும்படி அச்சிட்டு, நடுவில் மடித்து, ஒட்டி, பிறகு வெட்டச் சொல்வதன் ரகசியம் இதுதான். முதுகும் தெரிகிறது, முதுகெலும்பும் கிடைக்கிறது.

அடுத்தது, தாளின் நார் ஓடும் திசை. காகிதம் என்பது ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள நுண்ணிய செல்லுலோஸ் நார்கள் நீரில் மிதந்து படிந்த படலம். இயந்திரத்தில் ஓடும் சல்லடையின்மேல் கூழ் பாயும்போது, ஆற்று வெள்ளத்தில் வரும் வைக்கோல் துரும்புகளைப் போல நார்கள் ஓட்டத்தின் திசையிலேயே பெரும்பாலும் படுத்துவிடுகின்றன. தினசரிப் பத்திரிகையை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராகக் கிழிவதும், குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போவதும் இதனால்தான். நார் ஓடும் திசையில் தாளின் விறைப்பு குறுக்குத் திசையைவிடச் சுமார் இரு மடங்கு இருக்கும். ஆகவே வீரனின் கால் முதல் தலை வரை நார் செங்குத்தாக ஓடும்படி தாளை அச்சில் வைக்க வேண்டும். பாசல் நகரில் ரைன் நதிக்கரையை ஒட்டிய சாங்க்ட் ஆல்பன் பகுதியில், பதினைந்தாம் நூற்றாண்டு முதல் காகிதத் தொழில் நடந்த இடத்திலேயே 1980 முதல் ஒரு காகித மியூசியம் இயங்கி வருகிறது. அங்கே பழைய முறைப்படி சட்டத்தைக் கூழில் முக்கி, நாலாபுறமும் குலுக்கி எடுக்கும் கைத்தாளில் நார்கள் கண்டபடி கிடப்பதால் இந்தத் திசை பேதம் மிகக் குறைவு. அழகான தாள்தான், ஆனால் சிப்பாய்க்கு நான் இயந்திரத் தாளையே சிபாரிசு செய்வேன்.

பசையின் ஈரம் இன்னொரு சத்துரு. செல்லுலோஸ் நார் நீர் குடித்தால் நீளத்தில் அதிகம் நீளாது, அகலத்தில்தான் வீங்கும். ஒரு பக்கத்தில் மட்டும் நீர் கலந்த பசை பட்டால் அந்தப் பக்கம் விரிய, மறுபக்கம் விரியாதிருக்க, தாள் சுருண்டுகொள்ளும். டாவோஸின் உலர்ந்த குளிர்காலத்தில், அதுவும் கணப்பு எரியும் அறையில், இந்தத் தொல்லை சீக்கிரம் உலர்ந்து அடங்கும். ஐப்பசி, கார்த்திகை மாதத்துச் சென்னையிலோ காற்றே தாளுக்குள் நீர் ஊட்டிக்கொண்டிருக்கும். மெல்லிய பூச்சாகத் தடவி, ஒட்டிய உடனே கனத்த புத்தகத்தின் அடியில் ஓர் இரவு அழுத்தி வைப்பதே வழி.

இனி, சாயாமல் நிற்பது. முப்பது மில்லிமீட்டர் உயரமும் இருபது மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு வீரனை 160 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 160 கிராம்) தாளில் இரட்டையாக ஒட்டிச் செய்தால் அவனுடைய எடை ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இருபது மில்லிமீட்டர்ச் சதுரமான மெல்லிய தாளின்மேல் அவனை நிறுத்தினால், ஈர்ப்பு மையம் ஏறத்தாழ இடுப்பு உயரத்தில், அதாவது பதினைந்து மில்லிமீட்டரில் இருக்கும்; சுமார் 34 பாகை சாய்ந்ததும் விழுந்துவிடுவான். அதற்குப் பதிலாக, பைண்டு செய்கிறவர்கள் உபயோகிக்கும் இரண்டு மில்லிமீட்டர் கனத்த அட்டையை அடியில் ஒட்டினால், அந்த அட்டைத் துண்டு வீரனைவிட இரண்டரை மடங்கு கனமாக இருப்பதால், மையம் ஐந்தரை மில்லிமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. இப்போது அவன் விழ 60 பாகைக்கு மேல் சாய வேண்டும். ஆனாலும் நம் வீடுகளில் மின்விசிறி என்றொரு பொது எதிரி உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால், நொடிக்கு மூன்று மீட்டர் வேகக் காற்று மார்பில் மோதினாலே இந்தத் தனி வீரன் மல்லாந்துவிடுவான். நான்கு வீரர்களை இரண்டு வரிசையாக ஒரே அட்டையில் நிறுத்தினால், சாய்வைத் தடுக்கும் அடித்தளம் இரு மடங்கு நீள்வதால், காற்று நான்கு மீட்டர் வேகத்தைத் தாண்டிய பிறகே ஆபத்து. படைவீரர்கள் தோளோடு தோள் நிற்க வேண்டும் என்பதற்கு இப்படியும் ஒரு காரணம்.

நிற்பது இவ்வளவு, தெரிவது இதைவிடச் சுவாரஸ்யமானது. நல்ல பார்வையுள்ள மனிதக் கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரை பிரித்தறியும். மேஜையின் ஓரத்தில் நிற்பவர் ஒரு மீட்டர் தூரத்திலுள்ள பொம்மையைப் பார்க்கிறார் என்றால், அவரால் காணக்கூடிய மிகச் சிறிய நுட்பம் சுமார் 0.3 மில்லிமீட்டர். மனிதனை அறுபதில் ஒரு பங்காகச் சுருக்கி 28 மில்லிமீட்டர் ஆக்கினால், அவன் சட்டைப் பொத்தான் கால் மில்லிமீட்டர் ஆகிவிடும். ஓவியர் அதை எத்தனை சிரத்தையோடு வரைந்தாலும் கண்ணுக்கு அது இல்லை. மேஜைமேல் நிற்கும் வீரன், உண்மையில் அறுபது மீட்டர் தூரத்தில் மைதானத்தின் மறுகோடியில் நிற்கும் மனிதன். அந்தத் தூரத்தில் நாம் ஒருவரை அடையாளம் காண்பது முகத்தாலா? நடையாலும், உடல்வாகாலும், தலைப்பாகையாலும் அல்லவா? ஆகவே தேர்ந்த காகிதச் சிற்பிகள் பொத்தானை விட்டுவிட்டு, தலையையும் கையையும் ஆயுதத்தையும் இயற்கைக்கு மிஞ்சிப் பெரிதாக்குகிறார்கள். உருவத்தைச் சுற்றித் தடித்த கருங்கோடு போடுகிறார்கள். ஒவ்வொரு குலத்துக்கும் தனித்த நிழலுருவம் கொடுக்கிறார்கள். கற்பனைச் சேனைகளில் அரக்கன் அகன்றும் வனதேவன் நெடிது மெலிந்தும் இருப்பது கதை மரபு மட்டுமல்ல, கண்ணுக்குச் செய்யும் உபகாரமும்கூட.

நிழலுருவத்தின் வல்லமையை அறிய விரும்புகிறவர் ஸ்விட்ஸர்லாந்தில் இன்னோர் இடத்துக்குப் போக வேண்டும். வோ மாநிலத்து மலைப்பகுதியான ஷாட்டோ-தே என்ற ஊர்ப்புறத்தில் ஜோஹான் யாகோப் ஹவுஸ்விர்த் என்ற ஏழைத் தொழிலாளி, 1809-இல் பிறந்து 1871-இல் மறைந்தவர், பண்ணை பண்ணையாகக் கூலிக்குப் போய், காகிதத்தை இரண்டாக மடித்துக் கத்தரியால் வெட்டி, ஆல்ப்ஸ் மேய்ச்சலுக்கு ஏறும் மாடுகளையும் இடையர்களையும் மரங்களையும் உண்டாக்கினார். அவற்றில் முகம் இல்லை, பல இடங்களில் வர்ணமும் ஒன்றுதான். ஆயினும் எது பசு, எது காளை, எவன் இடையன், எவள் எஜமானி என்பதில் பார்ப்பவருக்கு ஒரு கணமும் சந்தேகம் எழாது. காகிதச் சேனை வரையப் புகும் இளைஞருக்கு இவரைவிட நல்ல ஆசான் இல்லை என்பது என் துணிபு.

மடித்து வெட்டினால் இரு புறமும் ஒரே வடிவம் எதிரெதிராக வரும் என்ற ஹவுஸ்விர்த்தின் சூத்திரமே, முன்னும் பின்னும் கொண்ட காகித வீரனுக்கும் ஆதாரம். முன்னாலிருந்து பார்க்கையில் வாள் நமக்கு இடப்புறம் இருந்தால், பின்னாலிருந்து பார்க்கையில் வலப்புறம் இருக்க வேண்டும்; கண்ணாடிப் பிம்பமாக எல்லைக்கோட்டைப் புரட்டினால் இது தானே அமைந்துவிடும். எல்லைக்கோட்டுக்கு உள்ளே உள்ளவற்றைத்தான் புதிதாக வரைய வேண்டும்: முகம் இருந்த இடத்தில் சிகை, கேடயத்தின் சின்னம் இருந்த இடத்தில் அதைப் பிடித்திருக்கும் தோல்வார். சோம்பேறிகள் முன்புறத்தையே புரட்டிப் பின்புறமாகப் போட்டுவிடுவதுண்டு; அப்படிப்பட்ட சேனை எந்தத் திசையில் ஓடினாலும் எதிரியைப் பார்த்துக்கொண்டே ஓடும். வெட்டி முடித்ததும் ஒரு சிறிய வேலை பாக்கி இருக்கிறது. தாளின் வெட்டுமுனை வெள்ளையாகப் பளிச்சிட்டு, அத்தனை பாடுபட்டு அமைத்த நிழலுருவத்தைக் குலைத்துவிடும். கறுப்பு ஸ்கெட்ச் பேனாவின் முனையைச் சற்றுப் படுக்க வைத்து விளிம்பு முழுவதும் ஓட்டிவிட்டால், அது வரை காகிதமாக இருந்தது அந்த நிமிஷத்தில் வீரனாகிவிடுகிறது.

காகிதத்துக்கு வசப்படாத ஆயுதம் ஒன்று உண்டு. அதுவும் ஸ்விட்ஸர்லாந்தின் புகழ்பெற்ற ஆயுதமே. பதினைந்தாம் நூற்றாண்டில் ஸ்விஸ் காலாட்படை சுமார் ஐந்து மீட்டர் நீளமுள்ள நெட்டீட்டிகளை ஏந்தி, சதுர வியூகமாக நெருங்கி நின்று, ஐரோப்பாவின் குதிரைப்படைகளைத் திகைக்க வைத்தது. 1476-இல் முர்ட்டென் என்ற ஏரிக்கரை ஊரில் பர்கண்டி நாட்டுச் சார்லஸின் படையை நாசமாக்கியது. அந்த ஈட்டியை அறுபதில் ஒரு பங்காகச் சுருக்கினால் எண்பது மில்லிமீட்டருக்குச் சற்று மிஞ்சிய நீளமும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த அகலமும் கொண்ட இழையாகிறது. ஒரு முனையில் மட்டும் பிடிபட்ட கம்பி தன் எடையாலேயே வளையும் அளவு நீளத்தின் நாற்படிக்கு ஏற்ப ஏறும். நீளம் இரட்டித்தால் தொய்வு பதினாறு மடங்கு. காகித இழை இதைத் தாங்காது. ஆகவே ஓவியர்கள் ஈட்டிகளைத் தனித்தனியே விடாமல், ஒரு வரிசை வீரர்களை ஒரே நாடாவாக வரைந்து, அவர்கள் தலைக்குமேல் ஈட்டிக்காட்டை இடைவெளியில்லாத ஒரே பலகையாக அச்சிட்டு, இடைவெளியைக் கருநீலமோ கரும்பச்சையோ தீட்டி மறைத்துவிடுகிறார்கள். ஆங்கில ஓவியர் பீட்டர் டென்னிஸ் சரித்திர யுத்தங்களுக்காக வரைந்து வெளியிட்டுவரும் காகிதப் படைகள் இத்தகைய நாடா முறைக்கு நல்ல உதாரணம்.

தட்டையான உருவம் பக்கவாட்டில் பார்த்தால் ஒரு கோடாகிவிடும் என்பது காகிதத்தின் மேல் சுமத்தப்படும் பழைய குற்றச்சாட்டு. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்விட்ஸர்லாந்தின் ஆராவ் நகரத்தில் வார்க்கப்பட்ட வெள்ளீயப் பொம்மைகளும் தட்டையானவையே. உலோகமாக இருப்பதால் யாரும் குறை சொல்லவில்லை. குறை போக்க விரும்புவோர் டிராகன் போன்ற பெரிய ஜந்துக்களுக்கு இறக்கைகளைத் தனியே வெட்டி உடலில் செருகி, ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கும்படி செய்கிறார்கள்.

டிராகன் என்றவுடன் ஒரு கிளைக்கதை. ஜூரிச் நகரத்து விஞ்ஞானி யோஹான் யாகோப் ஷாய்க்ஸர், ஆல்ப்ஸ் மலைகளை அளந்தும் தாவரங்களையும் புதைபடிவங்களையும் சேகரித்தும் பேர் பெற்றவர். அவர் 1723-இல் வெளியிட்ட மலைப் பிரயாண நூலில், மலைவாசிகள் கண்டதாகச் சொன்ன டிராகன்களையும் செப்புத் தகட்டுச் சித்திரங்களாகச் சேர்த்தார். அடுத்து வந்த நூற்றாண்டுகளின் விஞ்ஞானம் அவற்றைக் கைவிட்டது, கற்பனை கைவிடவில்லை. ஆங்கில எழுத்தாளர் டோல்கீன், 1911-இல் பத்தொன்பது வயதில் ஸ்விட்ஸர்லாந்தின் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு வழியாக நடந்த பிரயாணமே தம் 'ஹாபிட்' கதையின் மலைப் பயணத்துக்கு மூலம் என்று பிற்காலத்தில் கடிதத்தில் எழுதினார். அவருடைய நூல்களுக்குச் சித்திரம் வரைந்து பிரசித்தி பெற்ற ஜான் ஹவ் வசிப்பதும் ஸ்விட்ஸர்லாந்தின் நியூஷாடெல் நகரத்தில்தான். இன்று உலகெங்கும் மேஜைகளில் மோதிக்கொள்ளும் அரக்க சேனைகளில் பல டோல்கீனின் வாரிசுகள் என்பதால், அவற்றின் பூர்வீகத்தில் ஆல்ப்ஸுக்கும் ஒரு பங்கு உண்டு.

சேனை நிற்கக் கோட்டை வேண்டுமானால் அதற்கும் அந்நாட்டில் குறைவில்லை. எட்வின் மோர்ஃப் என்ற பள்ளி ஆசிரியர் 1919-இல் தொடங்கி வைத்த மாதிரித் தாள்களை ஜூரிச் ஆசிரியர் சங்கத்தின் பதிப்பகம் தலைமுறை தலைமுறையாக அச்சிட்டு வருகிறது. கோட்டையும் தேவாலயமும் பண்ணைவீடும் தட்டைத் தாளில் விரிந்து கிடக்க, மாணவன் மடித்து ஒட்டி எழுப்புகிறான். க்ஷேத்திர கணிதத்தை விரலால் கற்பிக்கும் இந்த முறை நம் பள்ளிகளில் ஏன் வேரூன்றவில்லை என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

ஏனெனில் இதற்கு வேண்டிய முதல் அற்பம்: ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் கனத்த தாள், கத்தரி, பசை, இரண்டு பகடை. உலோகப் பொம்மைகளால் ஒரு சேனை திரட்டுவதற்கு ஆகும் செலவில் ஒரு வகுப்பு முழுவதற்கும் காகிதச் சேனை அளித்துவிடலாம். அரக்கர்களையும் வனதேவர்களையும் மேல்நாட்டிலிருந்து இரவல் வாங்கவும் தேவையில்லை. யானைத் துதிக்கையும் சிங்க முகமுமாகக் கோயில் தூண்களில் பாய்ந்து நிற்கும் யாளி நம்மிடம் இருக்கிறது. ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் முன்காலைத் தூக்கி நிற்கும் குதிரைவீரர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, போர்க்களத்தில் கூழ் சமைத்து உண்டு கூத்தாடும் பேய்ப்பட்டாளம் ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் இருக்கிறது. நம் ஓவியர்களில் யாரேனும் ஒருவர் இந்தக் காரியத்தில் இறங்குவாரானால், முதல் தாளில் பேய்களை வரையட்டும். முடி விரிந்து, வயிறு ஒட்டி, நாக்கு நீண்டு நிற்கும் அந்த உருவத்தைவிட, ஒரு மீட்டர் தூரத்தில் கண்டவுடன் அடையாளம் தெரியக்கூடிய நிழலுருவம் வேறெந்த நாட்டுக் கற்பனையிலும் எளிதில் அகப்படாது.